தானாகப் பிடித்த பிரேக்

போன மாதம் எங்கள் பழைய ஒர்க்‌ஷாப்பிலிருந்து கிரீஷ் போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு பிரேக் பிரிவைப் பார்த்துக்கொள்பவர் அவர். சக்கரத்துப் பிரேக்கின் கவ்வியான கேலிபரை இப்போது அங்கே யாரும் பிரிப்பதில்லையாம். பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டு, பெட்டியில் வரும் புதியதை மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் பழைய கார் வைத்திருப்பவர்கள் சிலர் வீட்டிலேயே வீடியோ பார்த்துப் பிரித்து, சிவப்பு, மஞ்சள் என்று பெயின்ட் அடித்து, கடைசியில் பிரேக் பிடித்தால் விடமாட்டேன் என்கிறது என்று வந்து நிற்கிறார்களாம். வீட்டில் வைத்து நான் எத்தனையோ கேலிபர் பிரித்தவன் என்பதால், அதை எப்படிச் செய்வது என்று எழுதித் தரச் சொன்னார்.

எழுத உட்கார்ந்தால் முதலில் வந்து நிற்பது ஒரு வெள்ளைக் கார்தான். அதையே எழுதிவிடுகிறேன். முறையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

என் ஊர் ஹனூர் பக்கம் கௌதள்ளி. ஐ.டி.ஐ. முடித்து மைசூருக்கு வந்து ஹுணசூர் ரோட்டில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். கொஞ்ச நாள் வண்டி கழுவினேன், கொஞ்ச நாள் ஆயில் மாற்றினேன், அப்புறம் பிரேக் பிரிவுக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டேன்.

அங்கே என் ஃபோர்மேன் நஞ்சப்பா. மண்டியா பக்கத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். நாங்கள் வேலை முடித்த வண்டியைப் பார்க்க வரும்போது, என்ன செய்தாய் என்று கேட்கமாட்டார். எல்லோரையும் வண்டியை விட்டு விலகி நிற்கச் சொல்வார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து வலது கால் செருப்பைக் கழற்றி வெளியே வைப்பார். வெறும் காலை பிரேக் பெடல்மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக அழுத்துவார். அப்படியே வைத்திருப்பார். பிறகு, தூங்கும் குழந்தையிடமிருந்து கையை உருவுவதுபோல, அதைவிட மெதுவாகக் காலை எடுப்பார். யாராவது இருமினால்கூட "சும்னிரு" என்பார். கன்னடத்தில் சும்மா இரு என்று அர்த்தம். முடிந்ததும் இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, "இடது முன் சக்கரம், உள்ளே காத்து" என்பதுபோல ஒரு வரி சொல்லிவிட்டுப் போய்விடுவார். திறந்து பார்த்தால் அப்படியே இருக்கும். எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதையும் இருந்தது, கொஞ்சம் பயமும் இருந்தது.

பழனிச்சாமி கொள்ளேகாலத்துக்காரர். மைசூரில் அவரும் அவர் மனைவி ராஜேஸ்வரியும் ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்தினார்கள். இருந்தது அந்த ஒரே வெள்ளைக் கார். கற்றுக்கொள்பவர் வலது பக்கம் உட்கார, சொல்லிக்கொடுப்பவர் இடது பக்கம் உட்கார்வார். அவர் காலடியிலும் ஒரு பிரேக் பெடல் உண்டு. படிப்பவர் தடுமாறினால் இவர் அழுத்தி வண்டியை நிறுத்திவிடலாம். வெளியாள் செய்து மாட்டிய இந்த மாதிரி அமைப்பு இருக்கும் வண்டியை எங்கள் ஒர்க்‌ஷாப்பில் தொடமாட்டார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அதை வித்யாரண்யபுரத்தில் என் வீட்டு முன்ஷெட்டுக்குக் கொண்டுவருவார். நான்தான் பார்ப்பேன். ஊர்ப் பக்கத்து மனிதர் என்பதால் பேச்சும் நிறைய ஓடும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்பு, ஒரு நாள் காலை, மேகனா என்ற கல்லூரிப் பெண்ணுக்கு லலித மகால் சாலையில் ஓட்டச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தார். தூங்குமூஞ்சி மரங்கள் கூடாரம் போட்டதுபோல நிழல் விழும் இடத்தில் கார் குலுங்கி நின்றது. எஞ்சின் அணைந்துவிட்டது. தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று அந்தப் பெண், "சாரி சார்" என்று சொல்லியபடியே திரும்பியிருக்கிறாள். பழனிச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்து நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். உயிர் இல்லை. மாரடைப்பு. ஓடிவந்தவர்கள் அவரை இறக்கும்போது, பெடலிலிருந்து காலை எடுக்கத்தான் சிரமப்பட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

காரியம் முடிந்து கொஞ்ச நாளில் ராஜேஸ்வரி அந்தக் காரை மறுபடி எடுத்தார். அவருக்கும் லைசென்ஸும் அனுபவமும் இருந்தது. பெண்களுக்கு அவர்தான் முன்பு சொல்லிக்கொடுத்தவர். இப்போது எல்லோருக்கும் அவரே இடது பக்கம் உட்கார்ந்தார். அதன்பிறகு ஒரு ஞாயிறு என் வீட்டுக்கு வந்தார். ஷெட்டுக்குள் வண்டியை விட்டுவிட்டு, உள்ளே வராமல் அதன் பக்கத்திலேயே நின்றார்.

"அண்ணா, வண்டி தானா நிக்குதுங்க."

"எஞ்சின் ஆஃப் ஆகுதா?"

"இல்லீங்கண்ணா. பிரேக் புடிக்குது. படிக்கறவங்க காலு வெக்கறதில்ல. நானும் வெக்கறதில்ல. அதுவா மெல்ல மெல்லப் புடிச்சு, மூக்கைக் குனிஞ்சு நின்னுக்குது. கொஞ்ச நேரம் போனா அதுவா விட்டுருது."

"எந்த இடத்துல?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "அந்த மரத்துக்கிட்டயேதாங்க. ரெண்டு தடவை தள்ளிப் போய் நின்னுச்சு. மத்தபடி அங்கயேதான்."

முதல் நாள் பின்னால் வந்த ஆட்டோ இடிக்கப் பார்த்ததாம். ஓட்டிக்கொண்டிருந்த பெண்மணி இறங்கி, வேறு ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனவர் திரும்ப வரவில்லையாம். விஷயம் பரவி, பேர் எழுதியிருந்தவர்களும் ஒவ்வொருவராக வராமல் நின்றுவிட்டார்கள்.

"அவரு நிறுத்தச் சொல்றாரோ என்னமோங்க" என்றார் ராஜேஸ்வரி. அழவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

நான் குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்தேன். பிரேக் பிடித்து விடவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேலிபரை. சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் கவ்வி அது. அதற்குள் ஒரு பிஸ்டன் இருக்கிறது. நாம் பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் அதைத் தள்ளும். அது பேட் என்ற உராய்வுக் கட்டையைத் தட்டின்மேல் அழுத்தும். பிஸ்டனைச் சுற்றி மோதிரம்போல ஒரு ரப்பர் சீல். பிஸ்டன் வெளியே போகும்போது சீலும் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். காலை எடுத்ததும் முறுக்கு திரும்பி, பிஸ்டனை ஒரு மயிரளவு உள்ளே இழுக்கும். அந்த மயிரளவுதான் வண்டியை ஓட விடுகிறது. சீல் ஊறிப்போனாலோ, பிஸ்டன் துருப்பிடித்தாலோ அந்த இழுப்பு போய்விடும்.

வீட்டில் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கை விடாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். கேலிபரைத் திறப்பதற்கு முன்பே வெளியழுக்கை முழுக்கக் கழுவிவிடுங்கள். கவ்வியின் வாய்க்குள் ஒரு மரக்கட்டையை வைத்து, ஆயில் வரும் துளையில் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் பிஸ்டன் வெளியே வரும். வராது வராது என்று இருந்து, வரும்போது துப்பாக்கிபோல வரும். அதன் முன்னால் விரலை வைத்தவர்கள் எனக்குத் தெரியும். பழைய சீலை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். உள்ளே கீறல் விழுந்தால் கேலிபரே வீண். மூங்கில் குச்சியைச் சீவி அதால் எடுங்கள். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் உள்ளே படக்கூடாது, ரப்பர் ஊதிவிடும். புதுச் சீலைப் புது பிரேக் ஆயிலில் நனைத்துப் பள்ளத்தில் உட்கார்த்தி, பிஸ்டனை இரண்டு கட்டைவிரலாலும் கோணாமல் தள்ளுங்கள். சரியாக இருந்தால் தானே வழுக்கிக்கொண்டு இறங்கும். சுத்தியல் தேவைப்பட்டால் எங்கோ தப்பு.

ராஜேஸ்வரியின் காரில் முன்பக்கத்து இரண்டையும் அப்படிப் பிரித்தேன். பிஸ்டனில் துரு இல்லை. சீல் பழையது, ஆனால் கெடவில்லை. எனக்குத் திருப்தியாக இல்லை. பழுது கண்ணில் படாத இடத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒரு மாதிரியான உணர்வு. இருந்தாலும் சீல் எல்லாம் புதிதாகப் போட்டேன்.

பெயின்டுக்கு, சூடு தாங்கும் கறுப்பு வாங்கலாம் என்றேன். ராஜேஸ்வரி ஸ்கூல் போர்டுக்கு அடித்த மஞ்சள் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"இது சூட்டுக்கு நிக்காதும்மா, நிறம் மாறிடும்."

"மாறட்டுங்கண்ணா. அவரு வாங்கி வெச்சது, வீணாப் போகுது."

துளைகளையும், பேட் நகரும் இடங்களையும், போல்ட் உட்காரும் முகத்தையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு மெல்லிசாக இரண்டு பூச்சு அடித்தேன். காய்ந்ததும் மாட்டி, பெடலை என் மனைவியை அழுத்தச் சொல்லி, உள்ளே இருந்த காற்றை எடுத்தேன். ரிங் ரோடில் ஒரு சுற்று ஓட்டினேன். நன்றாக இருந்தது. ராஜேஸ்வரி எடுத்துப் போனார்.

அடுத்த வாரமே திரும்பி வந்தார். அதே மரம்.

இந்த முறை வண்டியை நானே எடுத்துக்கொண்டு போனேன். டிரைவிங் ஸ்கூல் காரைப்போலவே ஓட்ட வேண்டும் என்று, முதலில் அவர்கள் பழக்கும் பொருட்காட்சி மைதானத்துப் பக்கம் நிறுத்தி நிறுத்தி எடுத்தேன், கோணலும் மாணலுமாக. பிறகு லலித மகால் சாலையில் திரும்பினேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மரநிழலுக்குள் நுழைந்ததும் வண்டி கனத்தது. ஆக்சிலேட்டரை அழுத்தினேன். எதிர்த்து நின்றது. என் காலைப் பார்த்தேன்; பிரேக்கில் இல்லை. இடது பக்கத்து சீட் காலி. பகல் வெளிச்சத்தில், மனிதர்கள் நடந்து போகிற சாலையில், முன்பக்கம் தாழ்ந்து கார் மெதுவாக நின்றது. அந்த நிறுத்தத்தில் ஒரு பழகிய கால் தெரிந்தது. பழுதான பிரேக் அப்படி நிறுத்தாது, வெடுக்கென்று இழுக்கும். பழனிச்சாமி எப்படி நிறுத்துவார் என்று எனக்குத் தெரியும்.

ஆறவிட்டு, எப்படியோ வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஷெட் வாசலில் வரும்போது மறுபடி பிடித்துக்கொண்டது. அங்கே தரை சற்றுச் சரிவு. அசையவே அசையாது என்பதால் நியூட்ரலில் அப்படியே விட்டு, ஹேண்ட் பிரேக்கும் போடாமல், சக்கரத்துக்கு ஒரு கட்டையை மட்டும் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போனேன். டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஜன்னல் வழியாக என் மனைவிதான் முதலில் பார்த்தாள்.

"ஏனுங்க, வண்டியில யாரு?"

யாரும் இல்லை. கார் சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது. யாரோ உள்ளே உட்கார்ந்து, நஞ்சப்பா எடுப்பதுபோல அவ்வளவு மெதுவாகக் காலை எடுத்தால் எப்படி நகருமோ அப்படி. கட்டையில் முட்டி நின்றது. என் மனைவி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"இது நம்ம வீட்டுல இருக்க வேண்டாங்க. கொண்டுபோய் அந்தம்மாகிட்டயே குடுத்துடுங்க."

அன்றைக்கு எனக்கும் அதுதான் தோன்றியது. ஆனாலும் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தேன். மஞ்சள் பெயின்ட் கருகித் தேன் நிறமாகியிருந்தது. இடது பக்கம் எவ்வளவோ, வலது பக்கமும் அவ்வளவே. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு பிஸ்டன் சிக்கினால் ஒரு பக்கம்தான் கருகும். இரண்டும் ஒரே அளவில் கருகினால் பழுது சக்கரத்தில் இல்லை. இரண்டுக்கும் மேலே எங்கேயோ இருக்கிறது. நல்ல பெயின்ட் அடித்திருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது.

நஞ்சப்பாவுக்குப் போன் செய்தேன். பிரைவேட் வேலைக்கு வரமாட்டார். நான் பேசிய குரலில் என்ன இருந்ததோ, வருகிறேன் என்றார். ராஜேஸ்வரியையும் வரச் சொன்னேன்.

அவர் வந்து வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். செருப்பைக் கழற்றினார். உட்கார்ந்தார். கண்ணை மூடினார். காலைப் பெடல்மேல் வைத்தார், ஆனால் அழுத்தவில்லை. அப்படியே இருந்தார். ரொம்ப நேரம். பிறகு கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"இதர மேலெ யாரோ காலிட்டித்தாரெ."

இதன்மேல் யாரோ கால் வைத்திருக்கிறார்கள். ராஜேஸ்வரி என் தோளுக்குப் பின்னால் மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. பழனிச்சாமி இறந்த கதையை நான் நஞ்சப்பாவிடம் சொல்லியிருக்கவில்லை.

அவர் இறங்கினார். என்னைப் பார்த்து, "மாதையா, அந்தப் பக்கம் பாரு" என்று இடது பக்கத்தைக் காட்டினார்.

இடது பக்கத்துக் கால்மிதியை எடுத்துவிட்டு டார்ச் அடித்தேன். அந்தப் பெடலிலிருந்து டிரைவர் பெடலுக்கு டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு இரும்புக் கம்பி போகிறது. இரண்டு பெடலும் அதால் ஒன்றாகக் கட்டப்பட்டவை. ஒன்று இறங்கினால் மற்றதும் இறங்கும். இடது பெடலைத் தாங்கும் இரும்புப் பட்டை வளைந்திருந்தது. விரலால் தடவினால்தான் தெரியும். அந்த வளைவால் பெடல் முழுக்க மேலே வர முடியவில்லை. ஒரு நகத்தின் கனம் கீழேயே நின்றுவிட்டது. அதனால் டிரைவர் பெடலும் எப்போதும் ஒரு நகத்தின் கனம் அழுந்தியே இருந்தது. முதல் முறை வண்டி வந்தபோதே நான் இந்தப் பெடலைக் கையால் ஆட்டிப் பார்த்திருந்தேன்; அப்போது தளர்வாக இருப்பதுபோலத் தோன்றியது கம்பியின் தேய்ந்த மூட்டு ஆடிய ஆட்டம்தான்.

காலை எடுத்ததும் பிரேக் ஆயில் திரும்பிப் போக மேலே உள்ள சிலிண்டரில் ஊசிமுனைபோல ஒரு துளை உண்டு. பெடல் முழுக்க மேலே வந்தால்தான் அது திறக்கும். இங்கே அது திறக்கவே இல்லை. நிறுத்தி நிறுத்தி ஓட்டும்போது ஆயில் சூடாகும், சூடானால் விரியும், விரிந்தது போக வழியில்லாமல் பிஸ்டனைத் தள்ளும். மைதானத்தில் பழகிவிட்டு லலித மகால் சாலைக்குத் திரும்பும் வண்டியில் அந்த மரங்களுக்குக் கீழே வரும்போதுதான் சூடு அந்த அளவுக்கு ஏறும். ஆறினால் விட்டுவிடும். எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்தது. ஆனால் காரணம் கிடைத்ததும் பயம் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை.

ராஜேஸ்வரிக்கு இதைச் சொன்னேன். அவர் குனிந்து அந்தப் பட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"இது எப்படிங்கண்ணா வளைஞ்சுது?"

நான் நஞ்சப்பாவைப் பார்த்தேன். அவர்தான் சொன்னார், எங்களுக்காகத் தமிழில். "இந்தப் பக்கம் இருந்து மிதிச்சாத்தான் வளையும், அம்மா. டிரைவர் எவ்வளவு மிதிச்சாலும் இங்க பாரம் விழாது. சும்மா மிதிச்சாலும் வளையாது. உடம்பு பூரா ஏத்தி மிதிச்சிருக்காங்க."

ராஜேஸ்வரியின் விரல் அந்த வளைவிலேயே இருந்தது. "நெஞ்சு வலிக்கறப்ப இவ்வளவு பலம் எங்க இருந்துங்க வந்துச்சு?" என்றார். எங்களைக் கேட்கவில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பொண்ணுக்கு இது தெரியணும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் சொல்லித்தான் தெரிந்தது. மேகனா அன்றிலிருந்து கார் பக்கம் போவதில்லை. முன் சீட்டில் உட்கார்வதுகூட இல்லை. பயத்தில் தான் திடீரென்று பிரேக்கை அழுத்தியதாகவும், அந்தக் குலுக்கலில்தான் சாருக்கு உயிர் போனதாகவும் நம்பிக்கொண்டிருந்தாள். டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை; ராஜேஸ்வரி போய்ச் சொல்லியும் கேட்கவில்லை.

புதுப் பட்டை செய்து மாட்டினேன். பெடல் முழுக்க மேலே வந்தது. நஞ்சப்பா இன்னொரு முறை உட்கார்ந்து பார்த்துவிட்டு, "எத்புட்ரு" என்றார். காலை எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அவ்வளவுதான் அவர் பேசியது. கருகிய மஞ்சளைச் சுரண்டிவிட்டுச் சூடு தாங்கும் கறுப்பை அடித்தேன்.

மேகனாவின் வீட்டுக்கு ராஜேஸ்வரி என்னையும் அழைத்துப் போனார். தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். அந்தப் பெண்ணுக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் நன்றாக வரும். வளைந்த பட்டையை அவள் முன்னால் வைத்து, எந்தப் பக்கத்திலிருந்து மிதித்தால் எங்கே பாரம் விழும் என்று நான் காட்டினேன். அவள் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ... நான் போட்டது இல்லவா?"

"நீ போட்டியோ இல்லையோ தெரியாதும்மா. அவர் போட்டது நிச்சயம். அவர்தான் வண்டியை நிறுத்தியிருக்கார்."

"அவருக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் ராஜேஸ்வரி. "உன்னை நடுரோட்டுல விட்டுட்டுப் போகக்கூடாதுன்னு நிறுத்திட்டுப் போயிருக்காரு, கண்ணு."

அப்போதுதான் அந்தப் பெண் அழுதாள்.

அவள் வருவதற்கு இன்னும் சில வாரங்கள் ஆயின. வந்த அன்று, கேலிபரைக் கட்டியவன் கூட இருந்தால் தைரியமாக இருக்கும் என்று ராஜேஸ்வரி என்னையும் பின் சீட்டில் உட்காரச் சொன்னார். மைதானத்தில் பழகினோம். நிறுத்தி நிறுத்தி எடுத்தோம். பிறகு லலித மகால் சாலை. காலை நேரம், வண்டிகள் குறைவு. அந்த மரங்கள் தெரிந்ததும் மேகனாவின் கழுத்து விறைத்தது. எனக்கும்தான்.

ராஜேஸ்வரி அப்போது ஒன்று செய்தார். புடவையைச் சரிசெய்துகொண்டு இரண்டு கால்களையும் தூக்கி, சீட்டின்மேலேயே மடித்து உட்கார்ந்துகொண்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நிழலுக்குள் நுழைந்தோம். கார் கனக்கவில்லை. லேசாக ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துச் சந்திலிருந்து ஒரு குதிரை வண்டி திரும்பி ரோட்டுக்கு வந்தது. நான் இரண்டு சீட்டுக்கும் நடுவே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பக்கத்துப் பெடல், மேலே கால் எதுவும் இல்லாமல், மெதுவாகக் கீழே இறங்கியது. கார் தாழ்ந்து, குதிரை வண்டிக்கு வெகு முன்னால், குலுங்காமல் நின்றது. கம்பியால் கட்டிய பெடல் அப்படித்தான் இறங்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

மேகனா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"ஆன்ட்டி, நீங்க பிரேக் போட்டீங்களா?"

ராஜேஸ்வரி அந்தப் பெடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல கண்ணு. நீதான் போட்ட" என்றார். "குதிரை வண்டி போகட்டும். கண்ணாடியைப் பாத்துட்டு, முதல் கியர் போடு."